மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே மாற்றும்போது

மரபு வில்லில் நாணை இழுக்கும்போது ஆள்காட்டி விரலை அம்புக்கு மேலும் மற்ற இரண்டைக் கீழும் வைத்துப் பழகியவர்கள் மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே கொண்டுவரும்போது, கை முகத்தில் ஊன்றும் இடம் மாறாவிட்டாலும் அம்பின் பின்முனை கண்ணுக்கு நெருங்கிவிடுவதால், பழைய குறியிலேயே விட்ட அம்பு இலக்குக்குக் கீழே பாயும். இதைக் கைப்பிழை என்றெண்ணிப் பலரும் வீணாகக் குழம்புகிறார்கள்.

ஆகவே பிடியையும் குறிபார்க்கும் முறையையும் ஒரே நாளில் மாற்றாமல், முதலில் சில நாட்கள் மிக அருகிலுள்ள வெற்று இலக்கில், குறியே பாராமல், புதிய பிடியை மட்டும் பழகுவது நல்லது. நாணில் அம்பு பொருந்தும் இடத்தைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கலாம். அம்பு நாணில் கீழே நழுவினால், அதற்கு மேலே நாணில் உள்ள முடிச்சுபோல அதன் அடியிலும் ஒரு முடிச்சு போடலாம்.

பிறகு 10, 15, 20 மீட்டரில் அம்பு முனையை நேராக இலக்கின் நடுவிலேயே வைத்து எய்து, அம்புகள் நடுவிலிருந்து எவ்வளவு மேலே தைக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு முனையை இலக்குக்குக் கீழே பிடிப்பதே இடைவெளிக் குறிமுறை. புதிய பிடியில் இந்த இடைவெளி முன்பைவிடக் குறுகும் என்பதால், உள்ளுணர்வால் எய்து வந்தவர்களுக்கும் இது எளிதில் பிடிபடும் என்பது என் கருத்து.