பட்டாளத்துக்காரர்களுக்கு ஊர்ச் சுவரில் நினைவு ஓவியம்: செய்வது எப்படி?

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் தெருவுக்கு நாலு பட்டாளத்தார் வீடு உண்டு. போன வருடம் நூலகச் சுவரில் அவர்களுக்காக ஓர் ஓவியம் வரைந்தோம். உங்கள் ஊரிலும் செய்ய நினைத்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. பெயர்ப் பட்டியல்

பெயிண்ட் வாங்கும் முன்பே இது முடிந்திருக்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். பென்ஷன் வாங்குகிறவர்களை மட்டும் கேட்டு 41 பெயர் எழுதிவிட்டோம். மூன்றாம் நாள் ஒரு பாட்டி வந்து, பேத்தியை விட்டு எல்லாப் பெயரையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் கணவர் பெயர் இல்லை. 1965 சண்டைக்குப் போனவர் அவர். அப்பா இறந்துவிட்டதால் ஒன்பதாவது வருடமே எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தவர். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 வருட சர்வீஸ் வேண்டும். அதனால் எங்கள் கணக்கில் அவர் வரவே இல்லை. பாட்டி கோபப்படவில்லை, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

ஆகவே வீடு வீடாகப் போங்கள். டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் புத்தகம்) இருந்தால் பெயர், ரேங்க், ரெஜிமெண்ட், சேர்ந்த வருடம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அதில் பெயர் இந்திக்காரர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கலாம். சுவரில் எப்படி எழுதுவது என்பதை வீட்டார் சொல்லட்டும். சர்வீஸ் நம்பர் வேண்டாம். கடைசியில் பட்டியலைக் கோயில் வாசலில் சத்தமாகப் படியுங்கள். விட்டுப்போன ஆறு பேர் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தார்கள்.

ரேங்க் வரிசையில் எழுதாதீர்கள். சுபேதார் மேலே, சிப்பாய் அடியில் என்று ஆகிவிடும். போரில் உயிர்விட்டவர்கள் முதலில், மற்றவர்கள் சேர்ந்த வருடப்படி. இதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

2. அனுமதி

பொதுச்சுவர் என்றால் ஊராட்சித் தீர்மான நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

3. படம்

முகங்கள் வேண்டாம். சாயல் கொஞ்சம் மாறினாலும் அந்த வீட்டுக்கு வலிக்கும். செங்கத்து நடுகற்களைப் பாருங்கள். வீரனின் உருவம் பொதுவாகத்தான் இருக்கும், அவன் யார், எந்தச் சண்டையில் விழுந்தான் என்பதை எழுத்து சொல்லும். நாங்கள் வரைந்தது, ரயில் நிலையத்தில் வரிசையாக வைத்த கறுப்பு இரும்புப் பெட்டிகள். லீவுக்கு வரும்போது கொண்டுவருவார்களே, மூடியில் வெள்ளை எழுத்தில் பெயரோடு, அதே பெட்டி. பட்டாளத்தார் வீட்டில் இன்றும் அதில்தான் பட்டுப்புடவை இருக்கிறது.

நான்முகச் சிங்க முத்திரையை வரையாதீர்கள். அதை நம் விருப்பத்துக்குப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. தேசியக் கொடி வரைந்தால் அதன்மேல் எழுத்து கூடாது.

4. சுவர்

ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விடுங்கள். உள்ளே நீர் முத்து கட்டினால் சுவரில் ஓதம் (ஊறும் ஈரம்) இருக்கிறது, வேறு சுவர் பாருங்கள். பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். புதுப் பூச்சு என்றால் 28 நாள் காயட்டும். அப்புறம் பிரைமர், அதன்மேல் வெளிச்சுவருக்கான எமல்ஷன் இரண்டு கோட். எனாமல் (எண்ணெய் பெயிண்ட்) வேண்டவே வேண்டாம், சிமெண்ட் சுவரில் சீக்கிரமே உரிந்துவிடும். நீலப்பொடி தடவிய நூலால் கட்டம் அடித்துக்கொண்டால் சின்னப் படத்தைப் பெரிதாக்குவது சுலபம். பளீர் சிவப்பு வெயிலில் வெளுக்கும், காவிச் சிவப்பு நிற்கும்.

5. பெயர் எழுதுவது

முதல் வருடம் பெயிண்டிலேயே இருக்கட்டும். கிரானைட்டில் வெட்டிவிட்டால் திருத்த முடியாது. ஒரு மழைக்காலம் போகட்டும், விட்டுப்போன பெயர்கள் தானாக வந்து சேரும்.

பின்சேர்க்கை: சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படையினரைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அரசுக் கணக்கில் அவர்கள் முன்னாள் படைவீரர்கள் இல்லை. நாங்கள் சேர்த்தோம். ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்த பெண்களையும் மறக்காதீர்கள், எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார்.

பாட்டியின் கணவர் பெயர் இப்போது, ஓவியத்தில் அவர் சேர்ந்த 1962ஆம் வருடத்துக்கான பெட்டியின் மூடியில் இருக்கிறது. எழுதும்போது பாட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.