பி-29 விமானத்தை வயிற்றிலிருந்து தொடங்குங்கள்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில், இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-29ஐச் செய்ய உட்காருகிறவர்கள் முதலில் அதன் மூக்குப் பகுதிக் கண்ணாடியில்தான் கை வைப்பார்கள். நான் வயிற்றைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். நான் கோலாலம்பூர் செந்தூல்காரன். 1945 பிப்ரவரியில் இந்தியாவின் கரக்பூர் பக்கத்துத் தளங்களிலிருந்து வந்த பி-29கள் எங்கள் ரயில் பட்டறைமேல் குண்டு போட்டன. அப்போது அங்கே வேலை பார்த்த தாத்தா, கால்வாயில் மல்லாந்து கிடந்தபடி பார்த்தது அதன் அடிப்பக்கத்தை மட்டும்தான். "வெள்ளித் தகடாட்டம் மின்னுச்சுய்யா" என்பார்.

முதலில் அளவு. அலகை மீட்டரில் வையுங்கள். இறக்கை நுனிக்கு நுனி 43.05 மீட்டர், நீளம் 30.18. பக்கவாட்டு, மேல், முன் வரைபடங்களை இந்த அளவுக்கு இழுத்துப் பொருத்துங்கள். அவை ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் பழைய புகைப்படத்தை நம்புங்கள்.

உடல் குறுக்குவெட்டில் வட்டம்தான், 24 பக்க உருளை போதும். நான் 64 வைத்தேன். இறக்கை வந்து சேரும் இடத்தில் மெஷ், அதாவது உருவத்தின் வலைப்பின்னல், கசங்கிய வேட்டி மாதிரி ஆகி, இரண்டு வார வேலையை அழித்தேன். பாதி உடலைச் செய்துவிட்டு, மறுபாதியை, கண்ணாடிப் பிம்பம் போல நகலெடுக்கும் மிரர் மாடிஃபையரில் வாங்கிக்கொள்ளுங்கள். இறக்கை நுனியை நோக்கி சுமார் 4.5 டிகிரி மேலேற வேண்டும்.

சரி, இப்போது வயிறு. குண்டு அறைகள் இரண்டு, நடுவே இறக்கையின் சட்டம் குறுக்கே போகிறது. கதவுகளைத் திறந்து காட்டுவதானால், உள்ளே மேல்பக்கம் ஒரு குழாய் தெரிய வேண்டும். காற்றழுத்தம் உள்ள முன் அறைக்கும் பின் அறைக்கும் இடையே வீரர்கள் அதற்குள் தவழ்ந்துதான் போய்வந்தார்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு மனசே வராது. அடியில் இரண்டு துப்பாக்கிக் கூண்டுகள் உண்டு. தொலைவிலிருந்து இயக்கப்பட்டவை, உள்ளே ஆள் கிடையாது. அதனால் உயரமாக எழுப்பாமல் தட்டையாகவே வையுங்கள்.

அப்புறம் தகடு. இதில்தான் நான் அதிக நாள் உட்கார்ந்தேன். ஆணித்தலைகள் தகட்டோடு சமமாக இருக்கும். மெஷ்ஷில் புடைக்க வைக்காதீர்கள், மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் மெல்லிய பம்ப் மேப் போதும். ஆனால் ஒவ்வொரு தகட்டையும் தனியாகப் பிரித்து, ரஃப்னெஸை (பரப்பின் சொரசொரப்பு அளவு) 0.25க்கும் 0.4க்கும் இடையே ஏற்றி இறக்குங்கள். பக்கத்துப் பக்கத்துத் தகடுகளே வெவ்வேறு விதமாக வெளிச்சத்தை வாங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு கொடுத்தால் எவர்சில்வர் டம்ளராகத்தான் தெரியும். என்ஜின் கூடுகளுக்குப் பின்னால் எண்ணெய்க் கறையைக் காற்று போகிற திசையில் இழுத்துவிடுங்கள்.

கடைசியாக வெளிச்சம். சூரியன் மேலே இருந்தால் வயிறு கறுத்துப் போகும், தரையிலிருந்து தெறித்து வரும் ஒளி மட்டுமே அதற்குக் கிடைக்கிறது. அதனால் காட்சியில் பெரிய தரை ஒன்று கட்டாயம் வேண்டும். நான் செம்மண் நிறமும் கொஞ்சம் பச்சையும் கொடுத்தேன். கேமராவைத் தரையோடு வைத்து நேர் மேலே பார்க்க விட்டேன். முன் குண்டு அறைக் கதவின் ஓரத்தில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு மின்னியது.