டியூக் – கரோலினா ஆட்டத்துக்குச் சிரிக்க வைக்கும் கணிப்பு எழுதுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு பெரிய ஆட்டம் வருகிறது என்றால், ஒரு வாரம் முன்னாலேயே ரசிகர்கள் கணிப்பு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். யார் ஜெயிப்பார்கள், எத்தனை புள்ளி வித்தியாசம் என்று மட்டும் சொல்லும் கணிப்பு ஒரு வகை. எதிரணி ரசிகரும் படித்துச் சிரித்துவிட்டு, "ஆமாம், இது நடந்தாலும் நடக்கும்" என்று ஒத்துக்கொள்ளும் கணிப்பு இன்னொரு வகை. எனக்கு இரண்டாவது வகைதான் ரொம்பப் பிடிக்கும். அதை முதன்முறையாக எழுத உட்காருபவர்களுக்காக இந்தச் செய்முறை.

எடுத்துக்காட்டாக டியூக் – வட கரோலினா ஆட்டத்தை வைத்துக்கொள்வோம். டியூக் பல்கலைக்கழகம் இருப்பது டர்ஹம் ஊரில். வட கரோலினா பல்கலைக்கழகம் இருப்பது சேப்பல் ஹில்லில். நடுவில் சுமார் 10 மைல்தான். இரண்டு அணிக்கும் நிறம் நீலம். டியூக்குக்கு அடர் நீலம், கரோலினாவுக்கு வெளிர் நீலம். என்.சி.ஏ.ஏ. (தேசியக் கல்லூரிப் போட்டி) பட்டம் டியூக்கிடம் 5, கரோலினாவிடம் 6. வழக்கமாக ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு முறை மோதுவார்கள், ஊருக்கு ஒன்று. இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு காலமாக மல்லுக்கட்டும் இரண்டு அணிகள் கிடைத்தால் கணிப்பு எழுதுபவருக்கு விஷயப் பஞ்சமே இல்லை.

முதல் படி: ஒரு பக்கம் சேருங்கள்

நடுநிலையாக எழுதினால் சிரிப்பு வராது. நீங்கள் எந்த அணியின் ஆள் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். அப்போதுதான் உங்கள் ஆசையும் பயமும் வெளியே வரும். ரசிகர் எழுத்தில் சிரிப்பு பிறப்பது அந்த இரண்டிலிருந்துதான்.

இரண்டாம் படி: உண்மையைச் சேகரியுங்கள்

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். "எதிரணி பயந்து ஓடிவிடும்", "100 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்குவோம்" என்று எழுதுகிறார்கள். இதில் எந்த ஊர், எந்த அணி என்ற அடையாளமே இல்லை. பெயரை மாற்றினால் வேறு எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிற வரியை அடித்துவிடலாம்.

சேர்க்க வேண்டியது இரண்டு வகை. ஒன்று, இந்தப் பருவத்துத் தகவல்: இரண்டு அணியும் கடைசியாக ஆடிய நான்கைந்து ஆட்டங்களின் புள்ளி, யாருடைய ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகத் தடுப்பில்லாமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பு) மோசம், எந்த ஆட்டக்காரர் சீக்கிரம் ஃபவுல் வாங்குகிறார், எந்த கோச் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்துவிடுகிறார். பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டக்காரர் வாரியான புள்ளி அட்டவணை) பார்த்தால் பாதி கிடைத்துவிடும். மீதிக்கு ஒரு முழு ஆட்டத்தையாவது உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, இரண்டு வீட்டின் பழக்கவழக்கம். டியூக் ஆடும் கேமரன் இன்டோர் ஸ்டேடியம் 1940-ல் திறந்தது. கொள்ளளவு 9,314 பேர்தான். மாணவர்கள் முகத்தில் நீலச் சாயம் பூசிக்கொண்டு, மைதானத்தை ஒட்டி, ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே கத்துவார்கள். அந்த இடத்துக்காக அரங்குக்கு வெளியே புல்வெளியில் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். ஒரு கூடாரத்துக்கு அதிகபட்சம் 12 பேர். நினைத்த நேரத்தில் ஆள் கணக்கெடுப்பு வரும். அந்த நேரத்தில் போதுமான ஆள் இல்லாவிட்டால் வரிசையில் இருக்கும் இடம் பறிபோகும். கிளம்பலாமா, இன்னும் பத்து நிமிடம் தூங்கலாமா என்று குளிரில் யோசித்துக்கொண்டு கிடக்கும் மாணவரை ஒரு நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். கணிப்பு தானாக வரும்:

"12 பேர் இருக்கும் கூடாரத்தில் 11 பேருக்கு ஜலதோஷம் பிடிக்கும். அதை ஆரம்பித்து வைத்த அந்தப் பன்னிரண்டாவது ஆள் மட்டும் ஆட்டத்தன்று நலமாக இருப்பார்."

கரோலினாவின் டீன் ஸ்மித் சென்டர் இதற்கு நேர் எதிர். 1986-ல் திறந்த பெரிய அரங்கு. இருபத்தோராயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். மைதானத்துக்கு அருகில் இருக்கும் நல்ல இருக்கைகள் பலவும் வசதியான பழைய மாணவர்கள் கையில். 1991-ல் அங்கே ஆடவந்த ஃப்ளோரிடா ஸ்டேட் ஆட்டக்காரர் சாம் கசெல், இது ஒயினும் சீஸும் சாப்பிடுகிற கூட்டம் (கத்தாமல் சொகுசாக உட்கார்ந்து பார்க்கிற கூட்டம்) என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு இன்றுவரை கரோலினா ரசிகர்களை விடவில்லை. டியூக் பக்கத்து ஆள் இப்படி எழுதலாம் (த்ரீ பாயிண்டர் என்றால் தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை):

"கரோலினாவின் முதல் த்ரீ பாயிண்டர் விழுந்ததும் கீழ்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து நிற்பார். உள்ளே இருப்பவர் பாப்கார்ன் வாங்கப் போக வழிவிடத்தான்."

மூன்றாம் படி: ஸ்கோரை நம்பும்படி போடுங்கள்

மற்ற வரிகள் எவ்வளவு கிறுக்காக இருந்தாலும் கடைசி ஸ்கோர் நிஜம் மாதிரி இருக்க வேண்டும். படிக்கிறவர் அதைப் பார்த்துத்தான் "இவருக்கு ஆட்டம் தெரியும்" என்று முடிவு செய்வார். பழைய ஸ்கோர்களைக் கூட்டிப் பாருங்கள். 2012-ல் டியூக் 85-84. 2019-ல் கேமரனில் கரோலினா 88-72. 2022 மார்ச்சில், டியூக் கோச் மைக் ஷஷெவ்ஸ்கியின் கடைசி சொந்த மைதான ஆட்டத்தில் கரோலினா 94-81. அடுத்த மாதம் நியூ ஆர்லியன்ஸில் ஃபைனல் ஃபோரில் (தேசியப் போட்டியின் அரையிறுதியில்) மறுபடியும் கரோலினா, 81-77. இந்த நான்கிலும் இரு அணிப் புள்ளிகளின் கூட்டுத்தொகை 158-க்கும் 175-க்கும் நடுவில் இருக்கிறது. உங்கள் ஸ்கோரும் கிட்டத்தட்ட அந்த வட்டத்துக்குள் இருக்கட்டும். இந்தப் பருவத்தில் இரண்டு அணியும் நிதானமாக ஆடினால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

வரலாறு தெரிந்தால் இந்த விதியை வேண்டுமென்றே மீறலாம். 1979 பிப்ரவரி 24 அன்று, ஷாட் கிளாக் (இத்தனை நொடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்று கணக்கு வைக்கும் கடிகாரம்) இல்லாத காலத்தில், கோச் டீன் ஸ்மித்தின் கரோலினா கேமரனில் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரம் கடத்தியது. இடைவேளையில் ஸ்கோர் டியூக் 7, கரோலினா 0. இரண்டாம் பாதியில் இருவரும் தலா 40 எடுக்க, ஆட்டம் 47-40 என்று முடிந்தது. இப்போது 30 நொடி ஷாட் கிளாக் இருப்பதால் அது திரும்ப நடக்க வழியில்லை. ஆனாலும் "இடைவேளையில் டியூக் 7, கரோலினா 0. கரோலினா ரசிகர்கள் இதைத் திட்டமிட்ட உத்தி என்பார்கள்" என்று எழுதினால், விஷயம் தெரிந்த ரசிகர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

நான்காம் படி: ஒன்றை மட்டும் இழுங்கள்

ஒரு கணிப்பில் ஒரு பொய்தான். சுற்றியிருக்கும் எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். சமையலில் பெருங்காயம் போடுகிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பாருங்கள் (சென்டர் என்பவர் கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆட்டக்காரர்): "டியூக்கின் சென்டர் எட்டு நிமிடத்துக்குள் இரண்டு ஃபவுல் வாங்கிப் பெஞ்சுக்குப் போவார். அங்கே உட்கார்ந்தபடியே மூன்றாவதையும் வாங்குவார்." முதல் வாக்கியம் வாராவாரம் நடப்பது. அதனால் இரண்டாவதைப் படிக்கும்போது அரை நொடி நம்பத் தோன்றுகிறது. அந்த அரை நொடிதான் சிரிப்பு. பெஞ்சில் யானை வந்து உட்கார்ந்தது என்று எழுதினால் அந்த அரை நொடி கிடைக்காது.

எவ்வளவு இழுக்கலாம் என்று சந்தேகம் வந்தால், நிஜமாக நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 2012 ஆட்டத்தில் கடைசி மூன்று நிமிடத்துக்குள் டியூக் 10 புள்ளி பின்னால் இருந்தது. துரத்தி வரும்போது டியூக்காரர் தவறவிட்ட ஒரு பந்தைக் கரோலினா சென்டரே தெரியாமல் கூடைக்குள் தட்டிவிட்டார். கடைசி நொடியில் ஆஸ்டின் ரிவர்ஸ் போட்ட த்ரீ பாயிண்டரில் டியூக் ஒரு புள்ளியில் ஜெயித்தது. இதை முந்தின நாள் யாராவது எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஐந்தாம் படி: நேரம் குறியுங்கள்

எப்போது நடக்கும் என்று சொன்னால் கணிப்புக்கு உயிர் வரும். ஆண்கள் கல்லூரி ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழே இறங்கிய பிறகு ஆட்டம் நிற்கும்போது டிவி டைம் அவுட் வரும். ஒரு பாதியில் ஓர் அணி ஏழாவது ஃபவுல் செய்ததும் எதிரணி போனஸுக்குப் போகும். அதாவது, முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவது ஃபவுலிலிருந்து நேராக இரண்டு. ஒரு ஆட்டக்காரர் ஐந்து ஃபவுல் வாங்கினால் வெளியே. உங்கள் கணிப்புகளை இந்த இடங்களில் மாட்டிவிடுங்கள்:

"முதல் டைம் அவுட்டுக்குள் வர்ணனையாளர் இரண்டு ஊருக்கும் நடுவில் பத்து மைல்தான் என்று நான்கு முறை சொல்வார். ஆட்டம் முடிவதற்குள் அது ஆறு மைலாகக் குறைந்துவிடும்."

"கடைசி 60 நொடியை ஆடி முடிக்க 14 நிமிடம் ஆகும். அதில் 11 நிமிடம் மூன்று நடுவர்களும் ஒரே திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்."

இந்த ஆட்டத்தில் எவ்வளவு சின்ன நேரத்தையும் நம்பி எழுதலாம். 1974-ல் கரோலினா 17 நொடியில் 8 புள்ளி பின்தங்கலைச் சரிக்கட்டி, ஓவர்டைமில் 96-92 என்று ஜெயித்தது. அப்போது த்ரீ பாயிண்டரே கிடையாது.

ஆறாம் படி: யாரைக் கிண்டல் செய்யலாம்?

ஆடுபவர்கள் பெரும்பாலும் 18, 19 வயதுப் பிள்ளைகள். அவர்களுடைய உடம்பு, குடும்பம், படிப்பு, காயம் எதையும் தொடாதீர்கள். 2019-ல் கேமரனில் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சயன் வில்லியம்சனின் ஷூ கிழிந்து முழங்கால் சுளுக்கியது. மூன்று வாரம் அவர் ஆடவில்லை. ஷூவைப் பற்றி ஆயிரம் வேடிக்கை எழுதலாம். அந்த முழங்காலைப் பற்றி ஒன்றுகூட வேண்டாம்.

அரங்கு, கூட்டம், நடுவர், டிவி, கோச்சின் கோட்டு, மஸ்காட் (அணியின் அடையாள வேடம் போடுபவர்), முக்கியமாக உங்கள் சொந்த அணியின் ரசிகர்கள் – இவர்களைத் தாராளமாக வம்புக்கு இழுங்கள்.

மரியாதையாகப் பேசினால் சிரிப்பு குறைந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 1984-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். மேரிலாந்துடன் ஆடிய ஆட்டத்தில் டியூக் மாணவர்கள் எல்லை மீறிக் கத்திவிட்டார்கள். பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்டு, முன்பு வட கரோலினா மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர், மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கெட்ட வார்த்தை வேண்டாம், புத்தியைக் காட்டுங்கள் என்பதுதான் சாரம். கீழே 'அங்கிள் டெர்ரி' என்று கையெழுத்து. அடுத்து கரோலினா வந்தபோது மாணவர்கள் தலையில் தேவதைகளைப் போல ஒளிவட்டம் மாட்டிக்கொண்டு வந்தார்கள். டீன் ஸ்மித்துக்கு மனமார்ந்த வரவேற்பு என்று பலகை பிடித்தார்கள். நடுவர் தப்பாக விசில் ஊதியபோது, வழக்கமான வசைக்குப் பதிலாக, "தங்கள் கருத்திலிருந்து மாறுபடுகிறோம்" என்று அரங்கே சேர்ந்து பணிவோடு கோஷம் போட்டது. அதற்கு முந்தைய வாரக் கூச்சலை எல்லோரும் மறக்கத்தான் விரும்பினார்கள். இந்தக் கோஷத்தை நாற்பது வருடத்துக்கு மேலாகியும் ரசித்துச் சொல்கிறார்கள். எழுதும்போது கை தடுமாறினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அடுக்குங்கள்

ஆறு அல்லது ஏழு கணிப்பு போதும். ஆட்டம் நடக்கும் வரிசையிலேயே போடுங்கள்: ஆட்டத்துக்கு முன், முதல் பாதி, இடைவேளை, கடைசி நிமிடம், ஸ்கோர். ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் ஒன்றை மட்டும் துளி விளையாட்டும் இல்லாமல், நீங்கள் உண்மையாகவே நம்பும் ஆட்டக் கணிப்பாக எழுதுங்கள். உதாரணமாக (ரீபவுண்ட் என்றால் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), "ரீபவுண்டில் முந்தும் அணிதான் ஜெயிக்கும், அது கரோலினா." அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேடிக்கை இன்னும் நன்றாக எடுபடும்.

ஆட்டத்தன்று காலையில் வெளியிடுவது நல்லது. யாருக்காவது காயம், யார் ஆடவில்லை என்ற செய்தி அதற்குள் ஓரளவு தெரிந்திருக்கும். இல்லாவிட்டால், ஆடாத ஆள் நான்கு ஃபவுல் வாங்குவார் என்று எழுதி வைத்திருப்பீர்கள்.

எட்டாம் படி: ஆட்டம் முடிந்த பிறகு

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என்ன நடந்தது என்று அன்றைக்கே குறித்து, அதையும் வெளியிடுங்கள். வர்ணனையாளர் பத்து மைலை எத்தனை முறை சொன்னார் என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணிக்கையையும் போடுங்கள். எதிரணி ரசிகர்கள் இதற்காகவே திரும்பி வருவார்கள். பலிக்காததை அழிக்காதீர்கள், அதில்தான் அவர்களுக்கு இரட்டிப்பு சந்தோஷம்.

அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். இரண்டு அணியும் பருவத்தின் கடைசியில், வழக்கமாக மார்ச் தொடக்கத்தில், மறு ஆட்டம் ஆடும்போது அதுதான் உங்கள் இரண்டாம் படி. முதல் ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்த சென்டர், எழுந்து நின்ற பெரியவர், திரையை விட்டு நகராத நடுவர் எல்லோரும் அப்போது மறுபடியும் வருவார்கள், இந்த முறை எதிரணியின் வீட்டில்.