எம்.பி.யின் செயல்பாட்டை அட்டவணை போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் "நம் எம்.பி. என்ன செய்தார்?" என்று கணக்கெடுக்கும் இளைஞர்கள் தொகுதிக்குத் தொகுதி கிளம்புகிறார்கள். அவசியமான வேலை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே தவறுகள் வருகின்றன. எழுத்துப் பிழை, பெயர்க் குழப்பம் எல்லாம் யார் கண்ணிலும் பட்டுத் திருந்திவிடும். அட்டவணையையே பொய்யாக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

மசோதா நிறைவேறிவிட்டது, ஆகவே இவர் ஆதரித்தார் என்று எழுதுவது

பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. அதில் யார் என்ன சொன்னார் என்று பெயர்ப் பதிவு கிடையாது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் அப்படித்தான் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் டிவிஷன், அதாவது ஒவ்வொருவர் பெயரும் பதிவாகும் வாக்கெடுப்பு, கேட்டும் நடக்கவில்லை. அந்த நாளுக்கு ஓர் உறுப்பினரின் வாக்கு இன்னது என்று பட்டியலை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவர் பேச்சை மேற்கோள் காட்டலாம், அவ்வளவுதான்.

டிவிஷன் நடந்தால் மட்டுமே பெயர் வரும். அரசியல் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்பதால் அங்கே டிவிஷன் நிச்சயம். புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

அப்போதும் அவசரப்பட வேண்டாம். 2024 டிசம்பர் 17 அன்று, ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதாவை அறிமுகம் செய்யும்போது மின்னணுத் திரை முதலில் ஆதரவு 220, எதிர்ப்பு 149 என்று காட்டியது. சீட்டில் போட்ட வாக்குகளையும் சேர்த்த பிறகு ஆதரவு 269, எதிர்ப்பு 198 ஆனது. திரையைப் படம் பிடித்து அட்டவணை போட்டிருந்தால் கிட்டத்தட்ட நூறு பேர் "வாக்களிக்காதவர்" ஆகியிருப்பார்கள். வாக்குத் திருத்தங்கள் சேர்ந்து, அவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும் பட்டியலையே எடுங்கள்.

இன்னொன்று, கட்சிக் கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கட்டளை. 1985இல் வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சட்டப் பத்தாவது அட்டவணைப்படி, உத்தரவை மீறி வாக்களித்தாலும் வாக்களிக்காமல் இருந்தாலும் பதவி போகலாம். கட்சியோடு சேர்ந்து வாக்களித்ததை அவருடைய சொந்தக் கருத்தாக எழுதாதீர்கள். வாக்கெடுப்பு நாளில் அவர் வருகை பதிவாகியிருந்து டிவிஷன் பட்டியலில் பெயர் இல்லை என்றால், அதைக் கேள்வியாக அவரிடமே கேளுங்கள்.

வருகை சதவீதத்தை உழைப்பு என்று நினைப்பது

நாளுக்கு ஒரு பதிவு, அதுதான் வருகை. பத்து நிமிடம் இருந்தவருக்கும் பத்து மணி நேரம் இருந்தவருக்கும் ஒரே பதிவு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த உயர்வுப்படி தினப்படி 2,500 ரூபாய். அதைப் பெற அந்தப் பதிவு வேண்டும். அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் வருகையைப் பதிவு செய்வதில்லை. அவர்கள் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டு "அவைக்கே வராதவர்" என்று பரப்பிய அட்டவணைகள் உண்டு. அமைச்சர் கேள்வியும் கேட்க மாட்டார், பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்.

இடைத்தேர்தலில் வந்தவருக்கு ஐந்தாண்டுக் கணக்கு போடுவது

வேண்டாம்.

கேள்விகளை எண்ணிவிட்டு நிறுத்துவது

மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230. எவை பட்டியலில் ஏறும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கி, கேட்ட எல்லோர் பெயரையும் போடுவார்கள். எனவே எண்ணிக்கையை வைத்து மட்டும் எதுவும் முடிவு செய்ய முடியாது. கேள்வியின் வாசகத்தைப் படியுங்கள்: தன் மாவட்டத்தின் ரயில்வே மேம்பாலம், துறைமுகம், மீனவர் கைது பற்றிக் கேட்டதா, அல்லது எந்த மாநிலத்து உறுப்பினரும் கேட்கக்கூடிய பொதுக் கேள்வியா என்று இரண்டாகப் பிரியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் நீக்கப்பட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) சட்டமாகவில்லை என்று குறை எழுதுபவர்களுக்கு: இதுவரை 14தான் சட்டமாகியுள்ளன, கடைசி 1970இல். திருச்சி சிவா கொண்டுவந்த மாற்றுப் பாலினத்தவர் உரிமை மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியதே அரிய செய்தி.

தொகுதி நிதியைத் தவறான தொகையால் வகுப்பது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. அதிகம் சேதம் செய்வதும் இதுதான். கணக்கு இப்படிப் போகிறது: எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி, ஐந்தாண்டுக்கு 25 கோடி, செலவு 12 கோடி. "48 சதவீதம்தான் செலவு, மீதி 13 கோடி எங்கே?" வாட்ஸ்அப்பில் ஒரே நாளில் தொகுதி முழுக்கப் போய்விடும்.

2019இல் அமைந்த 17ஆவது மக்களவைக்கு இந்தக் கணக்கு அடியோடு தப்பு. கொரோனாவை ஒட்டி 2020 ஏப்ரலில் மத்திய அரசு இந்த நிதித் திட்டத்தை நிறுத்தி வைத்தது. 2020-21க்கு ஒன்றுமில்லை. 2021 நவம்பரில் மீண்டும் தொடங்கியபோது அந்த நிதியாண்டின் மீதிக்கு 2 கோடி மட்டும். ஆக ஒருவருக்கு மொத்தம் 17 கோடி. அதே 12 கோடி இப்போது 70 சதவீதத்தைத் தாண்டுகிறது.

"மீதி எங்கே" என்ற கேள்வியே பிழை. இந்தப் பணம் எம்.பி. கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார். மாவட்ட நிர்வாகம் தகுதி பார்த்து, மதிப்பீடு தயாரித்து, நிர்வாக அனுமதி தருகிறது. பிறகு ஒரு செயல்படுத்தும் துறை வேலையைச் செய்கிறது. ஒதுக்கீடு, விடுவிப்பு (மத்திய அரசு அனுப்பிய பணம்), அனுமதி, செலவு என நான்கு தொகைகள் உண்டு. எதை எதனால் வகுத்தீர்கள் என்று அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

பழைய முறையில் இரண்டரைக் கோடியாக இரு தவணைகள் மாவட்டத்துக்கு வந்தன. முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கைச் சான்றிதழும் போகாவிட்டால் அடுத்தது வராது. வங்கிக் கணக்கில் கிடந்த பணத்தின் வட்டியும் நிதியில் சேரும். அதனால்தான் சில இடங்களில் செலவு விடுவிப்பைவிட அதிகமாக, 100 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். அதை முறைகேடு என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை மாறி, பணம் மத்திய மையக் கணக்கிலிருந்து போகிறது. இந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள "விடுவிப்பு" தொகைகளை ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

தாமதம் யாருடையது என்பது தேதிகளில்தான் தெரியும். ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். பணி வாரியாக, நிதியாண்டு வாரியாக இவற்றைக் கேளுங்கள்: பரிந்துரைக் கடிதத்தின் தேதி, மதிப்பீடு, நிர்வாக அனுமதி தேதி, செயல்படுத்தும் துறை, வழங்கிய தொகை, முடிந்த தேதி. "ஏன் தாமதம்?" என்று கேட்டால், விளக்கம் தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். பரிந்துரையே பதவிக்காலத்தின் கடைசி மாதங்களில் குவிந்திருந்தால் பொறுப்பு எம்.பி.யுடையது. பரிந்துரை முதல் ஆண்டிலேயே போய் அனுமதி எட்டு மாதம் கிடந்திருந்தால் ஆட்சியர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். 15 சதவீதம் பட்டியல் சாதியினர் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டதா என்பதையும் அதே பட்டியலில் சரிபார்க்கலாம்.

பட்டியலில் "முடிந்தது" என்று இருப்பதை அப்படியே நம்பாமல் நேரில் போய்ப் பாருங்கள். பணி நடந்த இடத்தில் திட்டத்தின் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்க வேண்டும்.

தேர்தல் செலவையும் இதோடு கலப்பது

அது தனிக் கணக்கு. தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு உச்சவரம்பு 95 லட்சம்; வேட்புமனு நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரைக்குமான செலவு மட்டும் இதில் வரும். கட்சி செய்யும் பொதுப் பிரச்சாரச் செலவுக்கு வரம்பில்லை, நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவும் வேட்பாளர் தலையில் ஏறாது. முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு ரூபாய் கட்டணத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்வையிடலாம். போகும்போது, தேர்தல் ஆணையத்தின் செலவுப் பார்வையாளர் குழு தனியாக எழுதிய நிழல் பதிவேட்டையும் கேளுங்கள். ஒரே கூட்டத்துக்கு வேட்பாளர் எழுதிய தொகையும் குழு எழுதிய தொகையும் எங்கே வேறுபடுகின்றன என்று வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.