லாஸ்லெஸ் சந்தா கட்டும் முன் காதைச் சோதித்துப் பாருங்கள்

பாட்டு ஆப்களில் லாஸ்லெஸ் (தரம் குறையாத ஒலி) என்ற சொல்லைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன். நான்கு மாதம் கழித்துத்தான் உறைத்தது, அவ்வளவு நாளும் ப்ளூடூத் இயர்போனில் கேட்டிருக்கிறேன் என்று.

1. எதில் கேட்கிறீர்கள்?

சிடியில் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். எதையும் இழக்காமல் அதைச் சுருக்கித் தருவதுதான் லாஸ்லெஸ். ஆனால் ப்ளூடூத்தில் எஸ்பிசி, ஏஏசி முறைகள் ஒலியை மறுபடி நசுக்கி, 300 கிலோபிட் சுமாருக்குத்தான் அனுப்புகின்றன. எல்டேக் என்ற முறை 990 வரை போகும், அதிலும் இழப்பு உண்டு. ஆகவே வயர் ஹெட்போன் வேண்டும். போனில் ஹெட்போன் ஓட்டை இல்லையா? ஹெட்போனைச் சார்ஜர் ஓட்டையில் சொருக உதவும் ஒரு கன்வெர்ட்டர் வாங்குங்கள். ஆப்பிள் விற்கும் சின்ன கன்வெர்ட்டர் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரம் வரை தரும், அதுவே தாராளம். வயரே ஆகாது என்பவர்கள் நேராக 4-ஆம் படிக்குப் போகலாம்.

2. செட்டிங்கை மாற்றுங்கள்

ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ்ஸை நாம்தான் இயக்க வேண்டும். பாட்டு ஓடும் திரையில் லாஸ்லெஸ் என்ற குறி தெரிகிறதா என்று பாருங்கள். மூன்று நிமிடப் பாட்டுக்குச் சாதாரணத் தரத்தில் 6 எம்பி, லாஸ்லெஸ்ஸில் 36, அதைவிட நுணுக்கமான ஹைரெஸ்ஸில் 145 என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. பஸ்ஸில் மொபைல் டேட்டாவில் கேட்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

3. கண்ணை மூடிக் கேளுங்கள்

இதுதான் முக்கியம். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுங்கள். தம்பியையோ தங்கையையோ கூப்பிட்டு, ஒரே ஆப்பில் தரத்தை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது எது என்று பத்து முறை சொல்லிப் பாருங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்து சரியாக வரும். குறைந்தது ஒன்பது சரியாக வந்தால்தான் நம்பலாம். இரண்டு ஆப்களை ஒப்பிடுவதென்றால் முதலில் சத்தத்தைச் சமமாக வையுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பாடுவதைக் காது நல்ல தரம் என்று நம்பிவிடும், பெரிய ஆட்களே இதில் ஏமாறுகிறார்கள். எனக்கு வந்தது ஆறு.

4. அப்புறம் விலை

ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் லாஸ்லெஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில்தான் அதைக் கொண்டுவந்தது. அந்த நவம்பரில் இந்தியாவில் அறிவித்த சந்தாக்களில் 299 ரூபாய் பிளாட்டினத்துக்குத்தான் லாஸ்லெஸ். 139, 199 ரூபாய்ச் சந்தாக்களுக்கு இல்லை. விலை மாறிக்கொண்டே இருக்கும், கட்டும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். 3-ஆம் படியில் தேறாதவர்களுக்கும் வயரே ஆகாது என்பவர்களுக்கும் 320 கிலோபிட் தரமே போதும், மிச்சப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்கலாம்.

அடிக்கடி கேட்கும் இருபது பாட்டைத் தாளில் எழுதி, ஒவ்வொரு ஆப்பிலும் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய பாட்டுகளில் மூலப் பதிவே இரைச்சலாக இருந்தால், லாஸ்லெஸ் அந்த இரைச்சலைத்தான் துல்லியமாகத் தரும்.

5. இலவச மாதம்

முடிவதற்கு இரண்டு நாள் முன்பே அலாரம் வையுங்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கணக்குப் பக்கத்தில் போய் ரத்து செய்துவிட்டு, யுபிஐ ஆட்டோபேயையும் ஒருமுறை பாருங்கள்.