செனட்டின் வாக்கெடுப்பு இரவுகள்: செய்தி படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி செக்காலையில், ஒரு பழைய வீட்டின் முகப்புத் திண்ணையில் போட்டித் தேர்வு மாணவர்களுக்கு நடப்பு நிகழ்வுகள் நடத்திவருகிறேன். ஒரு மாணவியின் குறிப்பேட்டில், ‘2022 ஆகஸ்ட், அமெரிக்க செனட், இன்சுலின் உச்சவரம்பு, 57-43, நிறைவேறியது’ என்று எழுதியிருந்தது. கடைசிச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்தேன். “57 பெரிசா, 43 பெரிசா சார்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எந்தக் கேள்வி வாக்குக்கு விடப்பட்டது என்று பாராமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. வரவு செலவு தொடர்பான ஒரு மசோதாவில், தனியார் காப்பீட்டில் உள்ளவர்களுக்கு இன்சுலின் செலவை மாதம் 35 டாலருக்குள் நிறுத்தும் பிரிவு, வரவு செலவுத் திட்ட விதிகளுக்குப் பொருந்தாது என்று அன்று ஆட்சேபம் எழுந்தது. அந்த விதியை இதற்கு மட்டும் விலக்கி வைக்கலாமா என்பதே உறுப்பினர்கள் முன் இருந்த கேள்வி. அதற்கு 100 பேரில் 60 பேரின் ஆதரவு வேண்டும் என்பதால் 57 போதாமல் பிரிவு நீங்கியது. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் மட்டும் அந்த உச்சவரம்பு தங்கியது. எங்கள் பக்கம் நகரத்தார் வழக்கில் மணமான ஆணும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. அது தெரியாதவர் தலையை எண்ணினால் கோவில் வரிக் கணக்கே மாறிவிடும். இதுவும் அப்படித்தான்.

‘இருபது மணி நேர வரம்பு இருக்கிறதே, பிறகு வாக்கெடுப்பு எப்படி விடிய விடிய நடக்கிறது?’ என்ற குழப்பமும் உண்டு. 1974-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டச் சட்டம் இவ்வகை வரவு செலவு மசோதாவின் விவாதத்துக்குத்தான் 20 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அது தீர்ந்த பிறகும் திருத்தங்களைக் கொண்டுவந்து வாக்கெடுப்புக் கேட்கத் தடையில்லை. திருத்தங்கள் மீது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் இந்தத் தொடர் வாக்கெடுப்பைத்தான் அங்கே ‘வோட்-எ-ராமா’ என்கிறார்கள்.

தோற்ற திருத்தங்களை எல்லாம் முயற்சியின் தோல்வி என்று எழுதுவதும் சரியல்ல. கொண்டுவருபவருக்கே அது தோற்கும் என்று பெரும்பாலும் தெரியும். எதிரணியினர் பெயர் சொல்லி ‘வேண்டாம்’ என்று வாக்களித்தது பதிவில் ஏற வேண்டும், தேர்தலில் அதை எடுத்துக் காட்ட வேண்டும் என்பதே நோக்கம். விதிவிலக்கு இல்லாமல் இல்லை: 2025 ஜூலை 1 அன்று, செயற்கை நுண்ணறிவு தொடர்பான மாநிலச் சட்டங்களை முடக்கும் பிரிவு 99-1 என்ற வாக்கில் நீக்கப்பட்டது. அதே மசோதா முடிவில் துணை அதிபரின் வாக்கோடு 51-50 என்று நூலிழையில்தான் தப்பியது. வென்ற திருத்தம் எல்லாம் சட்டமாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. இரு அவைகளும் தமக்குள் வகுத்துக்கொள்ளும் வரவு செலவுத் தீர்மானத்தின் மீதும் இத்தகைய இரவு நடக்கும். ஆனால் அந்தத் தீர்மானம் அதிபரின் கையொப்பத்துக்கே போவதில்லை.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கல். சட்டத்தைத் திருத்தும் மசோதாவும் திருத்தம், அந்த மசோதாவுக்கு உறுப்பினர் கொடுக்கும் மாற்றமும் திருத்தம். 2025 ஏப்ரல் 3 அன்று நள்ளிரவு தாண்டி மக்களவையில் 288-232 என்று நிறைவேறியது வக்பு திருத்த மசோதா. அதன் மீது எதிர்க்கட்சியினர் கொடுத்த திருத்தங்களோ தள்ளப்பட்டன. ‘திருத்தம் நிறைவேறியது’ என்று மொட்டையாக எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? மேலும், நம் அவைகளில் முதலில் குரல் வாக்கெடுப்பு. அதை ஏற்காமல் யாராவது கோரினால்தான் எண்ணிக்கை.

தேதியும் காலை வாரும். கோடையில் வாஷிங்டன் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருப்பதால், 2025 ஜூன் 30 காலையில் அங்கே தொடங்கி மறுநாள் முடிந்த, மேலே சொன்ன வாக்கெடுப்பை நான் அன்று மாலை வகுப்பு முடிந்த பிறகுதான் கைப்பேசியில் பார்க்க ஆரம்பித்தேன். விடைத்தாளில் வாஷிங்டன் தேதியையே எழுதுங்கள்.