பாக்காவ் நடப் போகிறீர்களா? நான் செய்து தொலைத்த தவறுகள்

போன மாதம் மலேசியாவின் மேற்குக் கரையில், பாகான் டத்தோவில், ஓர் இளைஞர் கூட்டம் பாக்காவ் கன்று, அதாவது கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் கன்று, நட்டுக்கொண்டிருந்தது. பள்ளி விடுமுறை, புது டீ-சட்டை, பேனர், எல்லாம் இருந்தன. 2006-ல் நான் நட்ட அதே சேறு, அதே தப்பு. "அண்ணே, நீங்களும் ரெண்டு நடுங்க" என்று ஒரு தம்பி கன்றை நீட்டினான். வாங்கிக்கொண்டேன், நடவில்லை.

பையோடு புதைப்பது, விதையைத் தலைகீழாகக் குத்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். முதல் நாளே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள்.

வெறும் சேற்றைக் கண்டதும் நடுவது

இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரம் மரம் நடும் வேகம் நாடு முழுக்கப் பிறந்தது. எங்கள் தோட்டத்துப் பையன்களும் கிளம்பினோம். செம்பனை நட்ட புத்தி சும்மா இருக்குமா? கடல் தண்ணீர் தோட்டத்துக்குள் வராமல் தடுக்கும் மண்கரைக்கு வெளியே, தண்ணீர் வற்றியதும் பளபளவென்று தெரிந்த சேற்றில் முட்டி வரை இறங்கி, கயிறு பிடித்து, நேர் வரிசையாக 800 கன்று. கன்று ஒன்று இரண்டு வெள்ளி. பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருந்த பாக்சிக், ஒரு மலாய்க்காரப் பெரியவர், "அங்கேயா நடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

ஆறு வாரம் கழித்துப் போனால் தண்டெல்லாம் கொட்டலசு, பாறையிலும் படகிலும் ஒட்டும் அந்த ஓட்டுப் பிராணி. விரல் தடிமன் இருந்த தண்டு, ஓடும் சேறுமாக என் மணிக்கட்டுப் பருமனுக்கு இருந்தது. கனம் தாங்காமல் சாய்ந்து, அலையில் ஆடி ஆடி வேர் விட்டுப்போயிருந்தது. அடுத்த வருடம் மிஞ்சியது பதினொன்று.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. ஆறு கொண்டுவரும் நுண்ணிய களிமண் உப்புத் தண்ணீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகிறது. வருடக்கணக்கில் படிந்து, மேடு ஓரளவு உயர்ந்த பிறகுதான், தண்ணீர் வற்றிச் சேறு போதிய நேரம் காற்றில் கிடக்கும். அப்போது ஆப்பி-ஆப்பி, அதாவது நம்மூர்ப் பெரியவர்கள் வெண்கண்டல் என்பது, தானாக முளைக்கும். அதன் பென்சில் வேர்கள் தண்ணீரின் வேகத்தைக் குறைக்க, இன்னும் சேறு தங்கும். பாக்காவ் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வரும். வாட்சன் என்ற வன அதிகாரி 1928-லேயே நம் மேற்குக் கரையைப் பார்த்து, கடல் ஏற்றம் எவ்வளவு அடிக்கடி எட்டுகிறது என்பதை வைத்து இந்தக் காட்டை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார். குளிர் நாடுகளில் மரத்துக்குப் பதில் புல்லும் பூண்டும் இதே வேலையைச் செய்து உப்புச் சதுப்பை உண்டாக்குகின்றன. அங்கேயும் மட்டம் உயர்ந்தால்தான் செடி.

நாங்கள் நட்ட இடம் ஒவ்வோர் ஏற்றத்திலும் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் இடம். அதனால்தான் கொட்டலசும் ஏறியது, கன்றும் மூச்சு முட்டியது. அதோடு அது காலி இடமும் இல்லை. கெராங் என்ற சிப்பி அங்கேதான் வளர்கிறது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் அங்கேதான் மேய்கின்றன. பாக்சிக்கின் பிழைப்பும் அங்கேதான்.

ஆகவே முதலில் மூங்கில் கழி ஊன்றுங்கள். ஓர் அமாவாசை, ஒரு பௌர்ணமி, இடையில் தண்ணீர் மந்தமாக இருக்கும் நாட்கள் என்று, தண்ணீர் எட்டும் மட்டத்துக்கு ஒரு மாதம் கழியில் கோடு போடுங்கள். தானாக முளைத்த ஆப்பி-ஆப்பிக் குட்டிகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையா? காரணம் இருக்கும். கரையோர மரங்களின் வேர் வெளியே தெரிந்து மண் சரிந்தால், கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. அலையைத் தணிக்காமல் அங்கே கன்று நிற்காது.

தண்ணீரை மறந்துவிட்டு நடுவது

மண்கரைக்கு உள்ளே மாட்டிக்கொண்ட பாக்காவ் பட்டுப்போனதைப் பார்த்ததும் கன்று வாங்க ஓடுகிறார்கள். ஏற்றம் உள்ளே வந்து போக வழி அடைபட்டதுதான் நோய். வாய்க்காலைத் திறந்தாலே போதும். பக்கத்தில் தாய் மரம் இருந்தால் விதை தானாக மிதந்து வரும்.

காயவைத்தால் நல்ல நிலம் என்று நம்புவது

தோட்டத்துக் கிழவர்களுக்குத் தெரியும்: கானில், அதாவது வடிகாலில், துருச் சிவப்புத் தண்ணீர் ஓடினால் அந்தத் துண்டில் மரம் தேறாது. கடற்சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. ஈரத்தில் கிடக்கும்வரை சாதுதான். காய்ந்து காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகி, மண்ணின் பி.ஹெச் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4-க்குக் கீழே போய்விடும். அப்புறம் சுண்ணாம்பு கொட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மண்கரைக்கு வெளியே நிற்கும் சதுப்புக் காட்டை வெட்டினால் அலை நேராக மண்கரையை அடிக்கும். அது உடைந்தால் உப்புத் தண்ணீர் செம்பனைக்குள்.

பச்சைக் காயைப் பறிப்பது

பாக்காவ் விதை முருங்கைக்காய் போலத் தொங்குகிறதே என்று இழுக்காதீர்கள். மேலே இருக்கும் தொப்பிக்கும் கீழே தொங்கும் தண்டுக்கும் நடுவே நிறம் மாறிய ஒரு வளையம் தெரிய வேண்டும். அப்போது தொட்டாலே கையோடு வரும்.

உரம்

வேண்டாம்.

ஒரே இனம்

பேராக் மாநிலத்து மாத்தாங் சதுப்புக் காட்டில் பாக்காவ் மட்டும் வரிசையாக நிற்கிறதே என்பார்கள். அது 1902 முதல் நிர்வகிக்கப்படும் காடு. கரிக்காக 30 வருடச் சுழற்சியில் வெட்டி வளர்க்கிறார்கள். நாம் கரி சுடப் போகிறோமா?

அந்தத் தம்பியின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற அமாவாசைக்கு மூங்கிலோடு வரச் சொல்லியிருக்கிறேன். கன்று கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றும்.